பொன்மலர் அழாத படம்

பண்டத்தரிப்புச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு கூட்டுறவுச் சங்கக்கடை இருக்கிறது. அங்கே சீனியும் பருப்பும் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர், சாமான் பையைக் கையில் வாங்கிய பிறகும் போகமாட்டார்கள். "பொன்மலரக்கா, புதுசா ஏதும் படம் பாத்தனீங்களே?" என்று கேட்டுவிட்டுத் தராசுக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். சாமான் நிறுத்துக் கொடுக்கிற பொன்மலரும் அதற்கே காத்திருந்தவள் மாதிரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொடங்குவாள். கதையைச் சொல்லமாட்டாள். கதையைச் சொல்லிவிட்டால் பிறகு பார்க்கிறவனுக்கு என்ன மிச்சம் என்று கேட்பாள். அவளிடம் கிடைப்பது அபிப்பிராயம் மட்டும்தான்.

அந்த அபிப்பிராயத்துக்கு ஓர் அளவு இருந்தது. லேஞ்சி. கண்ணும் மூக்கும் துடைக்கிற அதே கைலேஞ்சிதான். "ஒரு லேஞ்சி" என்றால் பார்க்கலாம், பார்க்காவிட்டாலும் குடி முழுகாது. "ரெண்டு லேஞ்சி" என்றால் சோற்றை மனிசன் போட்டுத் தின்னட்டும், நீ இருந்து பார். "துவாயை எடுத்துக்கொண்டு இரு" என்று அவள் சொன்ன படங்கள் கொஞ்சம்தான். அவற்றிலும் முக்கால்வாசி கறுப்பு வெள்ளைக் காலத்துப் படங்கள். சும்மா சொல்லக்கூடாது, அழுகையில் அவளை அடிக்க ஆளில்லை. கதாநாயகியின் நாய் செத்தாலும் அழுவாள். வில்லனுடைய தாய் வாசலில் வந்து நின்றாலும் அழுவாள். படத்துக்கு இடையில் வருகிற பால்மா விளம்பரத்துக்கே ஒருமுறை அழுதிருக்கிறாள்.

ஆனால் பொய் சொல்லமாட்டாள். யாழ்ப்பாணம் முழுக்கக் கொடி கட்டிக் கொண்டாடிய ஒரு பெரிய நடிகரின் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, கடை நிறையச் சனம் நிற்கிற நேரம் சொன்னாள்:

"மூண்டு மணித்தியாலம் வெட்டினான், குத்தினான், சிகரெட் பத்தினான். அவன்ரை தாய் சாப்பிட்டாவோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. லேஞ்சியை மடிச்ச மடிப்பிலேயே கொண்டுவந்து அலுமாரிக்குள்ளை வைச்சன்."

அந்த நடிகருக்காக உயிரை விடுகிற பொடியன் ஒருவன் கோபித்துக்கொண்டு, "இனி இந்தக் கடைப் படி மிதியன்" என்று போனான். பிறகு சீனி விலை ஏறியதும் தானாகவே வந்துசேர்ந்தான்.

அவளுடைய கணவர் லயனல் லொறி ஓட்டிய மனிதர். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கதிரையில் நித்திரையாகிவிடுவார். முடிகிற நேரம் திடுக்கிட்டு எழும்பி, "நல்ல படம்" என்பார். "என்னத்தைப் பாத்தனீங்கள், நல்லமெண்டு சொல்ல?" என்று அவள் சீறுவாள். "நீ அழுதிருக்கிறாய், பிறகென்ன?" என்றுவிட்டுக் கொட்டாவி விடுவார்.

ஒரே மகள் அபிகாயில் சுவிஸில் இருக்கிறாள். அகதி விண்ணப்பம் போட்டு, அது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. ஒரு ஹோட்டலின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஆராதனை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு, வெயில் தணியத் தொடங்குகிற நேரம் தொலைபேசியில் கூப்பிடுவாள். தாயும் மகளும் அந்தக் கிழமை முழுவதும் ஆளுக்கொரு நாட்டில் இருந்து ஒரே படத்தைப் பார்த்திருப்பார்கள். ஒரு கிழமை பழைய படம், ஒரு கிழமை புதுப்படம். அதைப் பற்றித்தான் பேச்சு. விசாவைப் பற்றித் தாய் கேட்கமாட்டாள், மகளும் சொல்லமாட்டாள். "அந்தப் பெட்டை தனிய இருந்து பாணைத் தின்னுது, பாவம்" என்று தாய் சொன்னால், "அவளுக்கு அது பழகியிட்டுது அம்மா, கவலைப்படாதையுங்கோ" என்பாள் மகள். இரண்டு பேருக்கும் அது யாரைப் பற்றிய பேச்சு என்று தெரியும்.

போன மாசி மாதம் ஒரு காலையில், முகம் கழுவக் கிணற்றடிக்குப் போன லயனல் அங்கேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மகள் வர வழியில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது.

இப்போதெல்லாம் எங்களுடைய ஊர்ப்பக்கத்தில் வீடியோ இல்லாத செத்தவீடு கிடையாது. பிள்ளைகள் ஒரு நாட்டில், சகோதரங்கள் இன்னொரு நாட்டில். பெட்டி மூடுகிறதை அவர்களும் பார்க்கத்தானே வேண்டும். சந்தியில் ஸ்ரூடியோ வைத்திருக்கிற றொபின் இரண்டு கமராவோடும், மேலே பறக்கிற ஒன்றோடும் வந்துவிட்டான். சுவிஸுக்கு நேரடியாகவே போய்க்கொண்டிருந்தது.

பொன்மலர் பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். பக்கத்து வீட்டு மக்டலீன் ஒரு லேஞ்சியைக் கையில் திணித்துவிட்டிருந்தாள். அழுகை வரவில்லை. அடக்கிக்கொண்டு இருந்தாள் என்று நினைக்காதீர்கள். அடக்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உடம்பு முழுக்க. பாட்டுக்காரரில் ஒருவர் சுருதி விட்டுப் பாடுகிறார் என்று காது கண்டுபிடித்தது. தேத்தண்ணிக் கோப்பைகள் காணாது, சேர்ச்சிலிருந்து எடுப்பிக்கவேண்டும் என்று மூளை கணக்குப் போட்டது. லயனலின் முகத்தையும் பார்த்தாள். சவரம் சரியாக எடுபடவில்லை. சவக்காலையில் மண் போடச் சொன்னார்கள், போட்டாள். கையைக் கழுவச் சொன்னார்கள், கழுவினாள்.

ஊர்வாய் சும்மா இருக்குமா? "படத்துக்கு வாளி வாளியா ஊத்திறவ, மனிசனுக்கு ஒரு சொட்டு இல்லைப் பாத்தியே" என்று குசினி அடுப்படிப் பக்கத்தில் பேசியது அவளுக்கே கேட்டது. அதற்கும் கோபம் வரவில்லை. அது உண்மைதானே என்று பட்டது.

கோபம் வந்தது அபிகாயிலுக்குத்தான். மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா, தொடக்கத்திலையிருந்து முடிவு மட்டும் பாத்தனான். வேலை செய்யிற இடத்திலை, உடுப்புக் குவியலுக்குப் பின்னாலை ஒளிச்சிருந்து பாத்தனான். நீங்கள் ஒருக்காக்கூட அழேல்லை. எவளோ ஒருத்தியின்ரை நாய் செத்தாலும் அழுவீங்கள். அப்பாக்கு ஏன் அழேல்லை?"

பொன்மலர் யோசித்துப் பார்த்தாள். "தெரியாது பிள்ளை" என்றாள்.

அதைவிட ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். மகள் தொலைபேசியை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின, தொலைபேசி அடிக்கவில்லை. பொன்மலர் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து நின்றது. "சாப்பிட்டியோ பிள்ளை" என்று எழுதி அனுப்பினாள். பார்த்துவிட்டாள் என்பதற்கு நீலக்கோடு விழுந்தது, பதில் வரவில்லை. புருஷன் போய்விட்டார், மிச்சம் இருந்த ஒரே குரலும் போய்விட்டது. அதற்காவது அழுகை வரும் என்று இரண்டொரு நாள் பார்த்தாள். அதற்கும் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு ஆராதனை முடிந்ததும் கடைக்குப் போகத் தொடங்கினாள். மாலையில் பழையபடி ரீவியின் முன்னால் இருந்தாள், வேறு என்ன செய்கிறது என்று தெரியாததால். பகிடிப் படத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பழைய படத்தில், தம்பியைப் படிப்பிக்கத் தன் தலைமயிரை அறுத்து விற்கிற அக்காவைப் பார்த்தாள். முன்பென்றால் துவாய்க்கும் காணாது. இப்போது, நாளைக்குப் பயறு ஊறப்போடவில்லையே என்று ஞாபகம் வந்து எழும்பிப் போனாள்.

மக்டலீன் விடுகிற ஆள் இல்லை. அவளுக்கு அது ஒரு வியாதி, அதற்கு மருந்து சோகப்படம். எங்கெங்கோ தேடி, நோயாளிப் பிள்ளை, விட்டுப்போன தாய், தண்டவாளத்தில் ஓடுகிற தகப்பன் என்று கொண்டுவந்து போட்டாள். படம் முடிகிறபோது மக்டலீன்தான் மூக்கைச் சீறிக்கொண்டு இருந்தாள். பொன்மலர் தன்னுடைய லேஞ்சியை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"எடி, உனக்கு ஒண்டுமே செய்யேல்லையே?"

"இல்லை மக்டலீனக்கா. நல்ல படம்தான்போலை."

"போலையோ! அந்தத் தேப்பன் ஓடேக்கை எனக்கு ஈரல் கருகிப்போச்சுது."

"ஓம், ஓடினார். ஆனா செருப்பு நல்ல செருப்பு. அவ்வளவு தூரம் ஓடியும் அறேல்லை."

மக்டலீன் வாயில் கைவைத்தாள். கடையிலும் அதே கதைதான். சனம் முதலில் கூச்சப்பட்டு, பிறகு பழையபடி கேட்கத் தொடங்கியது. "பொன்மலரக்கா, இந்தக் கிழமை வந்த படம் எத்தினை லேஞ்சி?" அவள் பருப்பை நிறுத்துக்கொண்டே, "எனக்கு இப்ப ஒண்டும் விளங்கிறேல்லை. வேறை ஆரையும் கேளுங்கோ" என்றாள். கேட்டவர்களுக்கு முகம் விழுந்துபோனது. பெரிய நட்டம்தான், ஆனால் அதையும் அவள் உணரவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை றொபின் கடைக்கு வந்தான்.

"அன்ரி, அங்கிளின்ரை வீடியோ முடிஞ்சுது. பென்ட்ரைவிலை போட்டிருக்கு. அபிகாயிலுக்கும் அனுப்பியிட்டன். பாத்திட்டுச் சொல்லுங்கோ, உங்கடை அபிப்பிராயம் எனக்கு முக்கியம்."

செத்தவீட்டுக்கு அபிப்பிராயம் கேட்கிறான், பாருங்கள். ஆனால் அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. பொன்மலரும் பகிடியாக எடுக்கவில்லை. கடை அரைநாளோடு பூட்டியதும் வீட்டுக்கு வந்து, சோற்றைப் போட்டுக்கொண்டு ரீவிக்கு முன்னால் இருந்தாள்.

முகில் கூட்டம் விலகி ஒரு பொன் வாசல் திறந்தது. வாசலுக்குள்ளிருந்து லயனல் கழுத்துப்பட்டியோடு வந்தார். அடையாள அட்டைக்கு எடுத்த படம். வெள்ளைப் புறாக்கள் பறந்தன. பனங்கூடலுக்கு மேலால் கமரா போய், அவர்களுடைய வீட்டுக் கூரையைக் காட்டியது. கூரையில் இரண்டு ஓடு உடைந்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. நீளம் கூட, வெட்டியிருக்கலாம் என்று நினைத்தாள். வயலின் சத்தம் போதகரின் பிரசங்கத்தையே மூடிவிட்டது. குடும்பம் குடும்பமாகப் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுக்கிற இடம் தேவையில்லாத இழுவை. லயனலின் மச்சான்மார் கலியாணவீட்டுக்கு நிற்கிறமாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். இப்படியே குறை கண்டுபிடித்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள், சட்டென்று கையை எடுத்தாள்.

திரையில் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

வெள்ளைச் சேலை. முகத்துக்குக் கிட்டவாகக் கமரா. வாய் கோணி, மூக்கு ஒழுகி, தொண்டைக்குழி ஏறி இறங்க, அடங்காமல் அழுகிற ஓர் அழுகை. வயலின் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடியது. பொன்மலர் தன்னுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது தோளுக்கு மேலால் ஒரு பச்சை யன்னல் கம்பி தெரிந்தது. அவளுடைய வீட்டில் பச்சை யன்னல் கிடையாது. அது லயனலின் தங்கை வீட்டு யன்னல். அந்த மச்சாள் போன வருடம் செத்துப்போனபோது அழுத அழுகை அது. அதையும் இதே றொபின்தான் எடுத்தான்.

காது இரண்டும் சூடாகிவிட்டன. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்கு ஏதோ ஒன்று வந்தது என்றால் அது வெட்கம்தான். ரீவியை நிறுத்தினாள். கையைக் கழுவிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

"ஏன்ரா அப்பிடிச் செய்தனி?" என்று ஸ்ரூடியோ வாசலிலேயே கேட்டாள்.

றொபினுக்கு விளங்கிவிட்டது. தலையைச் சொறிந்தான்.

"அன்ரி, கோவிக்காதையுங்கோ. வெளியிலை இருக்கிறவை வீடியோவைப் போட்டதும் முதல் என்ன பாப்பினம்? பெட்டியைப் பாக்கமாட்டினம். மனிசி அழுறாவோ எண்டுதான் பாப்பினம். நான் எடுத்தது முழுக்கத் தேடிப் பாத்தன், உங்கடை முகத்திலை ஒரு இடமும் அகப்படேல்லை. சனம் கதைக்குதெல்லே. எனக்கு மனம் கேக்கேல்லை. போன வருசத்து இதிலை நல்லதொண்டு இருந்தது. ஒரே வெள்ளைச் சேலை. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுது."

"அபிகாயில் பாத்திட்டு உங்களோடை கதைப்பா அன்ரி. அதுக்காகவும்தான்."

மகள் கதைக்கிறதில்லை என்று இவனுக்கும் தெரிந்திருக்கிறது! ஊருக்கே தெரிந்திருக்கும். பொன்மலர் அங்கே கிடந்த கதிரையில் இருந்தாள். அவன் சொன்னது சரிதான். மகள் அதைப் பார்ப்பாள், நம்புவாள், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, கூப்பிடுவாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பிள்ளையின் குரல் கிடைத்துவிடும். றொபின் சோடா ஒன்றை உடைத்துக் கொடுத்தான். குடித்தாள்.

"வெட்டு" என்றாள் கடைசியில்.

"அன்ரி..."

"பொய்யழுகைக்குப் பிள்ளை திரும்பி வந்தால், பிறகு நான் கிழமைக்குக் கிழமை அழுதுகாட்டிக்கொண்டெல்லே இருக்கவேணும். என்னாலை ஏலாது. வெட்டு."

"இண்டைக்கு ஒரு பூப்புனித நீராட்டு விழா கிடக்கு. நாளைக்குப் பின்னேரம் வெட்டிப்போட்டு, வேறையொண்டு அபிகாயிலுக்கு அனுப்புறன். அவவுக்கும் சொல்லிவிடுறன்."

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து, ஒரு கறியும் சோறும் சாப்பிட்டு, பாயை விரிக்கப் போனபோது தொலைபேசி அடித்தது. சுவிஸ்.

"அம்மா."

"சொல்லு பிள்ளை."

"படம் பாத்திட்டீங்களே?"

முன்பு கேட்கிற அதே மாதிரிக் கேட்டாள். ஓம் என்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவள் வாய் அவளுடைய வாய்தானே.

"பாத்தனான். இழுவை. அந்தப் புறாக்களை எடுத்திருக்கலாம். அபி, ஒண்டு சொல்லவேணும். அதிலை ஒரு இடத்திலை நான் அழுறன். அது பொய் பிள்ளை. அது உன்ரை மாமிக்கு அழுதது. றொபின் கொண்டுவந்து ஒட்டிவிட்டிருக்கிறான். உன்ரை அப்பாக்கு நான் அழேல்லை. இண்டைவரைக்கும் அழேல்லை. வரேல்லைப் பிள்ளை, நான் என்ன செய்ய?"

அந்தப் பக்கத்தில் ஏதோ இயந்திரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடப் போகிறாள் என்று பொன்மலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியும் அம்மா" என்றாள் அபிகாயில்.

"எப்பிடி?"

"பின்னாலை அப்பா நிக்கிறாரெல்லே."

"எங்கை?"

"நீங்கள் பாக்கேல்லையே? நீங்கள் அழுறீங்கள், உங்கடை தோளுக்குப் பின்னாலை, யன்னலோடை, அப்பா நிக்கிறார். உங்கடை கண்ணாடியைக் கையிலை வைச்சுக்கொண்டு, சேட்டுத் தலைப்பாலை துடைச்சுத் துடைச்சு, எப்ப குடுக்கிறதெண்டு தெரியாமல் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

தன்னுடைய முகத்தைப் பார்த்த வெட்கத்தில் பொன்மலர் வேறு ஒன்றையும் பார்க்கவில்லை. றொபினும் கண்ணீரை மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

"அந்த வீடியோ முழுக்க அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார் அம்மா. அந்த ஒரு இடத்திலைதான் எழும்பி நிக்கிறார். நேற்றுத் தொடக்கம் அதைத்தான் திருப்பித் திருப்பிப் பாக்கிறன். எனக்கும் அழுகை வரேல்லை. அண்டைக்கும் வரேல்லை. நீங்கள் அழுதால் எனக்கும் வருமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான், அதுதான் உங்களோடை கோவிச்சனான். அம்மா, றொபின் அண்ணை அந்த இடத்தை இண்டைக்கு வெட்டப்போறாராம். வேறை அனுப்பிப்போட்டு, இதை எடுத்துவிடுவாராம். எழுதினன், பாக்கிறாரில்லை. வெட்டவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"வை பிள்ளை, போனை வை!" என்றாள் பொன்மலர்.

றொபினுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். பிறகு வீட்டைப் பூட்டாமல், செருப்பும் போடாமல், கொதிக்கிற தாரில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனாள். மக்டலீன் மதிலுக்கு மேலால் எட்டி, "எடி, என்னடி நடந்தது?" என்று கத்தினாள். நின்று பதில் சொல்ல நேரமில்லை.

ஸ்ரூடியோவுக்குள் றொபின் காதில் ஒலி கேட்கிற அடைப்பான்களைப் போட்டுக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தான். திரை நிறைய அவளுடைய அழுத முகம் நின்றது. அதன் பின்னால், கலங்கலாக, சேட்டுத் தலைப்பும் கையுமாக லயனல் நின்றார்.

"கையை எடடா!"

அவன் திடுக்கிட்டு அடைப்பான்களைக் கழற்றினான். "என்ன அன்ரி? நீங்கள்தானே பொய்யெண்டு சொன்னீங்கள். இப்பதான் வெட்டப்போறன்."

பொன்மலர் மூச்சு வாங்கியபடி திரைக்குக் கிட்டப் போனாள். கண்ணாடி இல்லாமல் வந்துவிட்டாள், குனிந்துதான் பார்க்கவேண்டியிருந்தது.

"ஓம் தம்பி, என்ரை மூஞ்சை பொய்தான். அதை வேணுமெண்டால் வெட்டு" என்றாள். "அவரை விடு. அவர் நிக்கட்டும்."